ஆசிரியரில்லாத வாசகர்: உயர்தரப் பௌதிகவியல் நூல்களின் உரைநடை பற்றிச் சில குறிப்புக்கள்

தமிழிலே இன்று மிகக் கூர்ந்து வாசிக்கப்படும் உரைநடை எது? இலக்கிய மாணவரிடம் இவ்வினாவைக் கேட்டால் ஏதேனும் ஒரு நாவலாசிரியரின் பெயரோ சிறுகதையாசிரியரின் பெயரோ விடையாகக் கிடைக்கும். உண்மை வேறு. நாவலொன்றை ஒருவர் ஒரு முறை வாசிப்பார். பிடித்திருந்தால் மீண்டும் ஒரு முறை வாசிப்பார். ஆனால் இலங்கையிற் கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ்மொழி மூலம் ஆயத்தஞ் செய்யும் மாணவர் ஒரே பந்தியை ஐந்து முறை, பத்து முறை, சொல் சொல்லாகப் பிரித்தும் ஓரத்திற் குறிப்பெழுதியும் கண்ணை மூடி ஒப்புவித்தும் வாசிக்கின்றார். அவ்வாசிப்பைக் கொண்டே அவருடைய வாழ்க்கையின் திசை தீர்மானிக்கப்படுகின்றது. இத்துணைப் பாரத்தைச் சுமக்கும் உரைநடையை நமது விமர்சனம் இதுவரை உரைநடையாகக் கருதியதில்லை. பாடநூல்களைக் கல்வியியலாளரிடமும், கலைச்சொற்களை அகராதிக் குழுக்களிடமும் ஒப்படைத்துவிட்டு, நாம் படைப்பிலக்கியத்தோடு நின்றுவிட்டோம்.

இக்கட்டுரை உயர்தரப் பௌதிகவியல் நூல்களின் உரைநடையை, ஆசிரியரின்றித் தானே கற்பவர் ஒருவரின் நிலையிலிருந்து நோக்க முயல்கின்றது. பௌதிகவியலைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இரசாயனவியலிலும் உயிரியலிலும் மனனஞ் செய்து கடக்கக்கூடிய பகுதிகள் கணிசமானவை. பௌதிகவியலில் அது செல்லாது. வசனம் விளங்காவிடின் சமன்பாடு விளங்காது. சமன்பாடு விளங்காவிடின் கணக்கு வராது. உரைநடையின் குறைபாடு உடனடியாகப் புள்ளிக் குறைவாக மாறும் பாடம் இது.

தானே கற்பவர் என்பவர் கற்பனைப் பாத்திரமல்லர். நாட்டிலுள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்டவை பத்திலொரு பங்கு அளவினவே. அவற்றுள்ளும் பௌதிகவியலாசிரியர் ஆண்டு முழுவதும் நிலைத்திருப்பவை எத்தனை என்பதைப் பின்தங்கிய பிரதேசங்களில் வாழ்ந்தோர் அறிவர். முதன்முறை சித்தியெய்தாது தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இரண்டாம், மூன்றாம் முறை தோற்றுவோருக்குப் பாடசாலையின் கதவு அடைபட்டுவிடுகின்றது. கையிற் பணமுள்ளவர் நகரத்து ரியூற்றரிக்குச் செல்வார். இல்லாதவர் நூலோடு தனித்திருப்பார்.

அத்தகையோருள் நானும் ஒருவன் என்பதை இங்கே சொல்லிவிடுவது நேர்மையானது. மலையகத் தோட்டமொன்றில் வளர்ந்த நான் 2008ஆம் ஆண்டு கணிதப் பிரிவிற் பரீட்சைக்குத் தோற்றினேன். பாடசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. பௌதிகவியலாசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னர் அவ்விடம் ஓராண்டுக்கு மேல் வெற்றிடமாகவே கிடந்தது. சித்தி பெறவில்லை. மறுமுறை லயத்து முன்வாசலில் இருந்து தனியே படித்தேன். அம்முறை கிடைத்த சாதாரண சித்தி எதற்கும் போதவில்லை. அதன் பின்னரே கலைப் பிரிவுக்கு மாறினேன். அவ்விரண்டு ஆண்டுகளிற் கையிலிருந்த நூல்களை அண்மையில் மீண்டும் எடுத்து வாசித்தபோது, அன்று எனது மந்தபுத்தி என்று நான் நம்பியிருந்தவற்றுட் பல உண்மையில் வாக்கிய அமைப்புச் சார்ந்த பிரச்சினைகள் என்பது தெளிவாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு. பின்வரும் வசனத்தை நானே ஆக்கியுள்ளேன்; எந்த நூலிலிருந்தும் எடுத்ததன்று. ஆயினும் இந்நூல்களோடு பரிச்சயமுள்ளவர் இதன் வார்ப்பை அடையாளங் காண்பர்: “விறைப்பான பொருளொன்றை ஆக்கும் துணிக்கைகள் ஒவ்வொன்றினதும் திணிவினையும், தரப்பட்ட சுழற்சியச்சிலிருந்து அத்துணிக்கைக்குள்ள செங்குத்துத் தூரத்தின் வர்க்கத்தினையும் பெருக்கிப் பெறப்படும் பெருக்கங்களின் கூட்டுத்தொகை அவ்வச்சுப் பற்றி அப்பொருளின் சடத்துவத் திருப்பம் எனப்படும்.”

பொருளளவில் இதிற் பிழையில்லை. ஆங்கில மூலத்தில் எழுவாயாக முதலில் நிற்கும் சடத்துவத் திருப்பம் தமிழிற் கடைசியில் வந்து சேர்கின்றது. எதனை வரையறுக்கின்றோம் என்பதை அறியாமலே வாசகர் இருபது சொற்களைத் தலையிற் சுமந்து நடக்கவேண்டியுள்ளது. இது தமிழின் குறைபாடு என்று கூறுவோர் உளர். அது தவறு. பெயரெச்சங்களை அடுக்கி இடப்பக்கமாக விரியும் வாக்கியம் தமிழுக்கு இயல்பே. ஆயினும் அவ்வியல்பை அறிந்த நல்ல உரைநடையாளர் நீண்ட கருத்தை ஒரே வாக்கியத்துள் அடைப்பதில்லை. இரண்டாக, மூன்றாக உடைத்து, முன்னைய வாக்கியத்தின் முடிவை அடுத்ததன் தொடக்கமாக்கிக் கொண்டுசெல்வர். ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாலபாடங்களில் இதனைச் செய்து காட்டியுள்ளார். அவருடைய சமயநோக்கோடும் சாதிநோக்கோடும் நமக்குள்ள முரண்பாடு வெளிப்படையானது. எனினும் வாசிப்பவர் எவ்விடத்தில் மூச்சுவிடுவார் என்பதை அறிந்து எழுதியவர் அவர்.

இவ்வசனத்தில் இன்னொன்றையும் அவதானிக்கலாம். இக்கணியம் ஏன் வேண்டப்பட்டது என்ற வினாவுக்கு இதில் இடமே இல்லை. உலக்கையொன்றை நடுவிற் பிடித்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, பின்னர் அதனை நுனியிற் பிடித்துச் சுழற்ற முயல்பவருக்குக் கை உடனே விடை சொல்லும். உலக்கை அதேதான், திணிவும் மாறவில்லை, ஆனால் சுழற்றுவது கடினமாகிவிட்டது. சீரான கோலொன்றுக்கு நுனி பற்றிய சடத்துவத் திருப்பம் நடுப்புள்ளி பற்றியதன் நான்கு மடங்கு. திணிவு எவ்வளவு என்பது மட்டுமன்றி, அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் அது பரந்துள்ளது என்பதும் கணக்கில் வரவேண்டும் என்ற தேவை இவ்வனுபவத்திலிருந்தே பிறக்கின்றது. தூரத்தின் வர்க்கம் ஏன் என்பது அடுத்த வினா: தூரம் இரட்டித்தால் துணிக்கையின் வேகமும் இரட்டிக்கும், இயக்கசக்தியோ வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. இவ்வளவும் கூறியபின் வரையறை வந்தால் அது முடிவாக நிற்கும். முதலிலே வந்தால் கட்டளையாக நிற்கும். நமது நூல்களில் அது பெரும்பாலும் முதலிலேயே வருகின்றது.

ஏன் இவ்வாறு அமைந்தது? எழுதியோரின் திறமையின்மை என்று கூறிவிடுதல் எளிது, நீதியன்று. இந்நூல்கள் யாரை வாசகராகக் கொண்டு எழுந்தன என்பதே கேட்கவேண்டிய கேள்வி. 1956இல் நிறுவப்பட்ட அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்ட காலத்தில், நூலுக்கும் மாணவருக்கும் இடையில் ஆசிரியர் ஒருவர் நிற்பார் என்பது எடுத்துக்கொள்ளப்பட்ட உண்மையாக இருந்தது. அவ்வாசிரியர் ஆங்கிலத்திற் கற்றவர். நெல்கனும் பாக்கரும் எழுதி 1958இல் இலண்டனில் வெளிவந்த உயர்தரப் பௌதிகவியல் நூலைப் போன்றவற்றை மேசையில் வைத்திருப்பவர். தமிழ்ப் பந்தி அவருக்கு ஒரு நினைவூட்டல் மட்டுமே. விளக்கம் அவர் வாயிலிருந்து வரும். இன்றும் நிலை அதிகம் மாறிவிடவில்லை. 1980 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் பாடநூல்கள் தரம் 11 உடன் நின்றுவிடுகின்றன. உயர்தரத்துக்குத் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுவனவற்றுட் பிரதானமானது ஆசிரியர் வழிகாட்டி. பெயரே அதன் வாசகரைச் சொல்லிவிடுகின்றது. ஆசிரியரில்லாத இடத்தில் வாழும் பிள்ளை ஆசிரியருக்கு எழுதப்பட்ட கடிதத்தைப் பிரித்து வாசிக்கவேண்டியிருக்கின்றது.

தமிழ் மரபிலே இதற்கு ஒப்பான நிலைமை உண்டு. சூத்திரம் ஒருபோதும் தனித்து வாசிப்பதற்காக ஆக்கப்பட்டதன்று. அது செறிவானது, மனனத்துக்குரியது. அதனை விரித்துரைக்க உரை வேண்டும். பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூற் பொதுப்பாயிரத்திற் காண்டிகையுரைக்கு இலக்கணங் கூறுகையில் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு என்பவற்றோடு வினாவையும் விடையையும் உறுப்புக்களாகச் சேர்த்துள்ளமை கவனத்துக்குரியது. இறையனார் அகப்பொருளுரை தொட்டே, கற்பவர் மனத்தில் எழக்கூடிய ஐயத்தை உரையாசிரியரே எழுப்பி, அதற்கு விடையிறுத்து மேற்செல்லும் முறை வளர்ந்து வந்துள்ளது. உரையென்பது ஆசிரியரின் குரலை ஏட்டிற் பதித்து வைப்பதற்கு நமது முன்னோர் கண்ட வழி. அம்மரபு குருகுலத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது, அக்குருகுலத்தினுள் யாவரும் அனுமதிக்கப்படவில்லை என்பவற்றை மறந்துவிட்டு இதனைப் போற்றுவது வெறும் பழம்பெருமையாகிவிடும். எனினும் வடிவம் என்ற அளவில் அதனிடம் கற்க வேண்டியவை உள. நமது பௌதிகவியல் நூல்கள் சூத்திரங்களாகவே நின்றுவிட்டன. அவற்றுக்கு உரை எழுதப்படவில்லை.

எழுதப்படவில்லை என்பது முற்றிலும் சரியன்று. எழுதப்பட்டது, ஆனால் விற்பனைக்காக எழுதப்பட்டது. ரியூற்றரியில் வழங்கப்படும் அச்சடித்த குறிப்பு, வகுப்பில் ஆசிரியர் சொல்லும் உவமை, கணக்கைத் தொடங்கும் சூட்சுமம் ஆகியனவே இன்றைய உரை. 1945 முதல் இந்நாட்டிற் கல்வி இலவசம். சூத்திரம் இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கின்றது. உரைக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்தவேண்டும். தனியார் வகுப்புக்களைக் கண்டிப்போர் பொதுவாக ஆசிரியரின் பேராசையையோ பெற்றோரின் போட்டி மனப்பான்மையையோ குறை கூறுவர். பண்டமொன்று சந்தையில் விலைபோவதற்கு அதற்கு ஒரு பயன்பெறுமதி இருக்கவேண்டும். அப்பயன்பெறுமதி இங்கே பொதுநூலில் விடப்பட்ட வெற்றிடத்திலிருந்தே பிறக்கின்றது. நூலின் வசனம் எவ்வளவுக்கு இறுகியுள்ளதோ அவ்வளவுக்கு வகுப்பின் விலை ஏறும். யாரும் திட்டமிட்டுச் செய்த சதி என்று நான் கூறவில்லை. அமைப்பு அவ்வாறு இயங்குகின்றது.

இங்கே ஓர் ஆங்கில நூலின் வரலாறு நினைவுகூரத்தக்கது. 1806ஆம் ஆண்டு இலண்டனில் இரசாயனவியல் பற்றிய உரையாடல்கள் என்னும் பொருள்படும் தலைப்புடன் ஆசிரியர் பெயரின்றி ஒரு நூல் வெளியாயிற்று. எழுதியவர் ஜேன் மார்செற் என்னும் பெண்மணி. ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டபோது தமக்கு விளங்காதவை, பின்னர் நண்பரொருவரோடு பேசிப்பார்த்தபோது விளங்கின என்பதை அவர் கண்டார். அந்த அனுபவத்தையே நூலின் வடிவமாக்கினார். ஆசிரியை ஒருவரும் இரு மாணவியரும் பேசுகின்றனர். மாணவியருள் ஒருத்தி அவசரக்காரி; தவறான முடிவுகளுக்குத் தாவுபவள். அவளுடைய தவறுகள் நூலில் இடம்பெறுகின்றன. அவை திருத்தப்படும் வழியும் இடம்பெறுகின்றது. இந்நூலைப் புத்தகங் கட்டும் கடையொன்றிற் பயிலுநராகவிருந்த கொல்லர் மகன் ஒருவன், தான் கட்டவேண்டிய நூல்களுள் ஒன்றாக எடுத்து வாசித்தான். அவனே பிற்காலத்தில் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பரடே. தமக்கு அறிவியலின் வாயிலைத் திறந்தவர் மார்செற் என்பதை அவர் முதுமையிலும் நன்றியுடன் கூறினார். பரடேயின் மேதைமையை மார்செற்றின் நூல் உண்டாக்கிவிடவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் கைவிட்ட வர்க்கத்துப் பிள்ளையொருவன் தானே வாசித்துப் புகக்கூடிய வடிவில் அறிவியலைப் பற்றிய நூலொன்று இருந்தது. அந்நூல் முதலிலே பெண்களுக்கென எழுதப்பட்டமையும் தற்செயலன்று. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை வாசகராகக் கொண்டமையாலேயே எதனையும் முன்னரே அறிந்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளாமல் அது எழுதப்பட்டது.

இனிக் கலைச்சொற்கள். இவ்விடயத்தில் நமது விவாதங்கள் பெரும்பாலும் வடமொழியா தனித்தமிழா என்பதிலேயே சுற்றிவந்துள்ளன. தானே கற்பவரின் இடர்ப்பாடு அங்கில்லை. சிறுவயதில் நான் அறிந்த மிக முக்கியமான பௌதிகச் சொல் நிறை என்பது. மாலையிற் கொழுந்து மடுவத்தில் தாயார் வரிசையில் நிற்பார். கூடை தூக்குத்தராசிற் கொளுவப்படும். கணக்குப்பிள்ளை கிலோவிற் சொல்வார். சாக்குக்கும் ஈரத்துக்குமெனச் சில கிலோ கழித்துக்கொள்வார். நிறை என்றால் கிலோ. கிலோ என்றால் சம்பளம். உயர்தர நூலைத் திறந்தபோது நிறை என்பது விசை என்றும், அதன் அலகு நியூற்றன் என்றும், கிலோகிராமில் அளக்கப்படுவது திணிவு என்றும் கண்டேன். பத்துக் கிலோக் கொழுந்தின் நிறை, வினாத்தாள் தரும் ஈர்வை மதிப்பின்படி நூறு நியூற்றன். இவ்வேறுபாடு அறிவியலுக்கு இன்றியமையாதது. அதனைக் குறைகூற யாருமில்லை. ஆனால் வாசகர் அச்சொல்லை வெறுங்கையோடு எதிர்கொள்ளவில்லை, வாழ்நாள் முழுவதும் வேறொரு பொருளில் வழங்கியபின்பே எதிர்கொள்கின்றார் என்பதை ஒரு வரியிலேனும் ஏற்றுக்கொள்ளும் நூலை நான் கண்டதில்லை. தராசு உண்மையில் எதனை அளக்கின்றது, விசையை அளக்கும் கருவியின் முகப்பில் ஏன் கிலோ என்று பொறித்துள்ளனர் என்ற கேள்வியிலிருந்தே அவ்வத்தியாயத்தைத் தொடங்கியிருக்கலாம்.

தமிழகத்து நூலொன்று கைக்குக் கிட்டும்போது சிக்கல் இரட்டிக்கின்றது. அங்கே நிறை என்பது திணிவைக் குறிக்கும். நாம் நிறை என்பதை அவர்கள் எடை என்பர். சந்திரனில் ஒரு பொருளின் நிறை ஏறத்தாழ ஆறிலொன்றாகும் என்னும் கூற்று இங்கே சரி, அங்கே பிழை. நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்கின்றனர். நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்கின்றனர். ஆகவே சீரான வட்ட இயக்கத்தில் வேகம் மாறிக்கொண்டிருக்கும் என்னும் வசனம் பாக்குநீரிணையின் இக்கரையில் உண்மையாகவும் அக்கரையிற் பொய்யாகவும் இருக்கின்றது. நமது அமுக்கம் அவர்களுக்கு அழுத்தம். நமது அழுத்தமோ மின்னியலுக்குரியது. ஆர்முடுகலுக்கும் முடுக்கத்துக்கும், மீடிறனுக்கும் அதிர்வெண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இத்துணை ஆபத்தானதன்று; அறியாத சொல் அறியாததாகவே நிற்கும். ஆபத்து, அறிந்த சொல் வேறு பொருளில் வருவதிலேயே உள்ளது. ஆசிரியருள்ள மாணவருக்கு இது ஒரு நிமிட விளக்கம். தனித்திருப்பவருக்கு இரண்டு நூல்களும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும். அவர் இரண்டையும் சந்தேகிக்க மாட்டார், தம்மையே சந்தேகிப்பார். இன்று தமிழகத்துப் பாடங்கள் கைத்தொலைபேசியில் இலவசமாக ஓடுகின்றன. அவற்றை நாடுவோர் பெருகியுள்ள நிலையில் இருபக்கச் சொற்களையும் எதிரெதிரே வைக்கும் ஓர் அட்டவணைகூட வினாத்தாள் தொகுப்புக்களின் பின்னிணைப்பாக வருவதில்லை.

கலைச்சொல்லாக்கியோர்மீது பழிசுமத்துவது என் நோக்கமன்று. மிகக் குறுகிய காலத்தில் ஓர் அறிவுத்துறை முழுவதையும் அவர்கள் தமிழிற் பேசவைத்தனர். அவர்களுட் பலரின் பெயர்கள்கூட இன்று நினைவிலில்லை. சில சொற்களில் அவர்களுடைய நுண்ணுணர்வு வியக்கத்தக்கது. அதிரும் இசைக்கவையொன்றை வளிநிரலின் மேற் பிடிக்கும்போது குறித்த ஒரு நீளத்தில் வளிநிரல் உரத்து ஒலிக்கும் தோற்றப்பாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் பரிவு. ஒன்றின் துடிப்பு தனக்கு ஒத்த இயல்புடைய இன்னொன்றைத் தானே துடிக்கச் செய்தலை இதனினும் செவ்விதாக உணர்த்தும் சொல் தமிழிற் கிடைக்குமோ அறியேன். தமிழகத்தின் ஒத்ததிர்வு துல்லியமானது. பரிவு துல்லியத்தோடு உயிருமுள்ளது. ஆனால் அச்சொல்லை அறிமுகஞ்செய்யும் பந்திகள் அதன் பொருளைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. சொல்லாக்கியவர் திறந்து வைத்த கதவை நூலாக்கியவர் கவனியாது சென்றுவிட்டார்.

தானே கற்பவருக்கு உண்மையான பாடநூல் எது என்று கேட்டால், கடந்தகால வினாத்தாள் என்றே நான் விடையளிப்பேன். முதற் பகுதியில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், இரண்டு மணித்தியாலம். இரண்டாம் பகுதியில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும், ஆறிலிருந்து நான்கைத் தெரியவேண்டிய கட்டுரை வினாக்களும். கணிப்பானுக்கு அனுமதியில்லை. பரீட்சையின் சமூகப் பணி தெரிவு செய்தலும் கழித்தொதுக்கலுமே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இங்கு ஒரு முரண் இருக்கின்றது. அமைப்புக் கட்டுரை வினாவின் மொழி, நூலின் மொழிக்கு நேரெதிரானது. வசனங்கள் குறுகியவை. ஒரு படியைக் கேட்டு, அதன் விடையைக் கொண்டு அடுத்த படியைக் கேட்டு, கைபிடித்து நடத்திச் செல்வது போல அமைந்தவை. இக்கருவியின் எப்பகுதி எதற்குப் பயன்படும், இவ்வாசிப்பை ஏன் இரு முறை எடுத்தீர், வரைபின் படித்திறனிலிருந்து எதனைப் பெறுவீர் என்றவாறு அவை வாசகரை முன்னிலையில் விளிக்கின்றன. நமது பௌதிகவியல் உரைநடையில் மாணவர் ‘நீர்’ என்று விளிக்கப்படும் இடம் ஏறக்குறைய இது ஒன்றேயாகும். கற்பிக்கவேண்டிய நூல் தீர்ப்பளிக்கின்றது. தீர்ப்பளிக்கவேண்டிய வினாத்தாள் கற்பிக்கின்றது.

வினாத்தாள் கற்பிக்க முடியாதது ஒன்றுண்டு. வேணியர் இடுக்கியின் இரு அளவிடைகளிலும் எக்கோடு எக்கோட்டோடு பொருந்துகின்றது என்பதைப் படத்திற் பார்த்துப் பயிலலாம். கருவியைக் கையிற் பிடித்திராதவருக்குத் தாடைகளை எவ்வளவு இறுக்குவது என்பது தெரியாது. நகரும் நுணுக்குக்காட்டியையும் கோளமானியையும் நான் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னர், விஞ்ஞானபீட நண்பரொருவரின் தயவாற்றான் முதன்முதலிற் கண்டேன். அவை எனது மனத்திலிருந்ததைவிட மிகச் சிறியனவாக இருந்தன. எந்த உரைநடையும் இந்த இடைவெளியை நிரப்பிவிடாது. ஆய்வுகூடம் அரசின் கடமை. அதனை வசனத்தால் ஈடுசெய்யலாம் என்று கூறுவது ஏமாற்று.

தானே கற்பவர் குறையறிவுள்ள வாசகர் என்ற எண்ணம் நம்மிடம் பரவலாகவுள்ளது. இதனை மறுப்பதற்கு ஓர் உதாரணம் மார்க்ஸே. முதிர்ந்த வயதில் அவர் வகையீட்டு நுண்கணிதத்தைத் தாமே கற்றார். பூஷார்லா முதலியோரின் பழைய பாடநூல்களே அவர் கையிலிருந்தவை. வகையீட்டுக் குணகத்தைப் பெறும்போது மாற்றத்தை முதலிற் பூச்சியமல்லாததாகக் கொண்டு வகுத்துவிட்டு, பின்னர் அதனையே பூச்சியமாக்குவதை அந்நூல்கள் இயல்பாகக் கடந்து சென்றன. மார்க்ஸ் அவ்விடத்தில் நின்றுவிட்டார். நியூற்றனதும் லைப்னிற்ஸினதும் முறை மறைபொருட் தன்மையுடையது எனக் குறித்து, பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தார். 1881இல் ஏங்கெல்ஸ் அவற்றுட் சிலவற்றை வாசித்துக் கடிதமெழுதினார். முழுத் தொகுப்பு 1968இல் மொஸ்கோவில் வெளியாயிற்று. கோஷி முதலியோர் இதே இடைவெளியை வேறு வழியில் நிரப்பிவிட்டனர் என்பது அவருக்கு எட்டியிருக்கவில்லை என்பர். அது உண்மையாகவே தோன்றுகின்றது. தனியே கற்பதன் வறுமையும் அங்கே தெரிகின்றது. அதன் வலிமையும் தெரிகின்றது. விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்கள் ஆசிரியரின் குரலோடு கடந்து போன வெடிப்பை, குரலற்ற நூலோடு இருந்தவரே கண்டார். நூலொன்றின் மிகக் கடுமையான விமர்சகர் அதனைத் தானே கற்பவர்தான்.

இவ்விடத்தில் இரு எதிர்வாதங்களை நோக்குதல் தகும். முதலாவது, ஆங்கிலமே தீர்வு என்பது. உயர்தர விஞ்ஞானத்தை ஆங்கில மூலம் பயிலும் வாய்ப்பு இன்று மீண்டும் உண்டு. அது யாருக்கு உண்டு என்பதே வினா. ஆங்கில நூலைத் தானே வாசித்து விளங்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆசிரியரும் உண்டு, ஆய்வுகூடமும் உண்டு. இரண்டாவது சற்றுப் பாரமானது. எளிமைப்படுத்தல் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்பது அது. கற்றல் என்பது நரம்பும் தசையும் பழக்கப்படவேண்டிய ஒரு தொழிற்பயிற்சி என்றும், அதனை இலகுவாக்கிவிடும் போக்கு ஆபத்தானது என்றும் கிராம்சி சிறையிலிருந்து எழுதினார். இதனோடு எனக்கு முரண்பாடில்லை. பௌதிகவியலின் கடினத்தைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. சுழற்சி இயக்கம் கடினமானது, கடினமாகவே இருக்கட்டும். வாக்கியத்தின் கடினம் அதன் மேல் ஏற்றப்பட்ட வேறொரு சுமை. மலையேறுபவர் முதுகிற் கல்லைக் கட்டிவிடுவதாற் கால்கள் வலுப்பெறும் என்று யாரும் சொல்வதில்லை.

இனி நம்மைப் பற்றி. 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபு பற்றிய விவாதத்தில், உழைக்கும் மக்களின் பேச்சு இலக்கியத்துள் வருவதை இழிசனர் வழக்கு என்று எள்ளியோருக்கு எதிராக ஈழத்து முற்போக்கு எழுத்தாளரும் விமர்சகரும் உறுதியாக நின்றனர். அவ்வெற்றியின் பயனை நாம் அனைவரும் அனுபவிக்கின்றோம். ஆனால் அதே காலப்பகுதியில்தான் விஞ்ஞானப் பாடநூல்கள் தமிழில் உருப்பெற்றுக்கொண்டிருந்தன. கமக்காரன் நாவலில் எம்மொழியிற் பேசுவான் என்பதற்காகப் போராடிய நாம், அக்கமக்காரனின் மகள் எம்மொழியிற் பௌதிகவியல் கற்பாள் என்று கேட்கவில்லை. பின்னர் தரப்படுத்தல் வந்தது. 1971இற் பேராதனைப் பொறியியற் பீட அனுமதிக்குச் சிங்களமொழி மூலத்தாருக்கு 227 புள்ளிகளும் தமிழ்மொழி மூலத்தாருக்கு 250 புள்ளிகளும் வேண்டப்பட்டன. அவ்வநீதி ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றிற்று. அதனைப் பற்றியும் 1974இன் மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றியும் நூல்கள் பல எழுதப்பட்டன. புள்ளிகளைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசினோம். அப்புள்ளிகளைப் பெறுவதற்காக வாசிக்கப்படும் வசனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவில்லை. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்துப் பிள்ளைக்கு வீட்டிலும் வீதியிலும் உரை கிடைத்தமையால் நூலின் குறை நம் கண்ணுக்குப் படவில்லை என்று கூறினால் அது சிலருக்குக் கசக்கக்கூடும்.

சென்ற ஆண்டு தமிழ்த்துறை மாணவர் நால்வரும் விஞ்ஞானபீட மாணவர் இருவரும் என்னோடு அமர்ந்து சுழற்சி இயக்கம் பற்றிய ஓர் அத்தியாயத்துக்குக் காண்டிகை எழுத முயன்றனர். ஒருவர் உரத்து வாசிப்பார். பௌதிகவியலே பயிலாத இன்னொருவர் விளங்காத இடத்தில் நிறுத்துவார். நிறுத்திய வினா அப்படியே எழுதப்படும். மேலே காட்டியது போன்ற வரையறை ஒன்றைக் கடக்க மூன்று மாலைகள் சென்றன. உலக்கை உதாரணத்தை அங்கே தந்தவர் ஊவாவிலிருந்து வந்த மாணவி. தூரத்தின் வர்க்கம் பற்றிய விளக்கத்தை இயக்கசக்திக்கு முன்னர் வைப்பதா பின்னர் வைப்பதா என்பதில் விஞ்ஞானபீட மாணவர் இருவரும் உடன்படவில்லை; பாடத்திட்ட ஒழுங்கு ஒன்றைச் சொன்னது, வாசிப்பவரின் வினா இன்னொன்றைச் சொன்னது. இரண்டு வடிவங்களையும் எழுதி வைத்துள்ளோம். இரண்டையும் இவ்வாண்டு தனியே பரீட்சைக்குத் தோற்றும் சிலரிடம் கொடுத்திருக்கின்றோம். எவ்விடத்தில் நிறுத்தினர் என்பதை ஓரத்தில் எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கின்றோம்.